இன்சுலின் பையோட மலேசியா, சிங்கப்பூர் போறவங்களுக்கு காரைக்குடியில இருந்து ஒரு முழு வழிகாட்டி

நம்ம செட்டிநாட்டுப் பக்கம் வெளிநாடு போறதுன்னா பாதிப் பேருக்கு அது ஹோட்டல் ரூம் போட்டு ஊர் சுத்துற டூர் கிடையாது. பினாங்குல தைப்பூசம், கோலாலம்பூர்ல பெரியப்பா மகன் வீடு, சிங்கப்பூர்ல மக வீட்டுல ஒரு மாசம், இப்படித்தான் போவோம். அதனால பொதுவா எல்லாரும் சொல்ற "இனிப்பு தொடாதீங்க, தண்ணி குடிங்க" டைப் டிப்ஸ் நமக்கு அரைகுறையாத்தான் பொருந்தும். எங்க வீட்டுல நானும் எங்க ஆச்சியும் இன்சுலின் போடுறவங்க, ஆச்சி போடுறது மிக்ஸ் (வேகமா வேலை செய்யுறதும் மெதுவா வேலை செய்யுறதும் கலந்த இன்சுலின்), நான் போடுறது ராத்திரி ஒரு நீண்ட நேர இன்சுலினும் சாப்பாட்டுக்கு ஒண்ணும், ஒரே ஃப்ளைட்ல போனாலும் ரெண்டு பேருக்கும் கணக்கு வேற வேற.

நான் பாத்த வரைக்கும் வெளிநாட்டுல ஆளைக் கவுக்குறது இனிப்பு இல்ல, நேரம்தான். ஊர்ல ஊசி, சோறு, நடை மூணும் தினமும் ஒரே வரிசையில வருது, அங்க போனதும் மூணும் ஒண்ணையொண்ணு விட்டு விலகிப் போயிருது. கீழ சொல்ற எல்லாமே அந்த மூணையும் திரும்ப ஒண்ணு சேக்குறதுக்குத்தான். ஒண்ணு மட்டும் முன்னாடியே சொல்லிர்றேன், டோஸ் எத்தனை யூனிட் கூட்டணும் குறைக்கணும்னு இங்க எழுத மாட்டேன், அது உங்க டாக்டர் வேலை.

ஸ்டெப் 1: டாக்டரை ஒரு மாசம் முன்னாடி பாருங்க

டிக்கெட் போட்டதும் போங்க, கிளம்புறதுக்கு மொத நாள் போய் நின்னா அவங்களாலயும் ஒண்ணும் பண்ண முடியாது. டிக்கெட்டையே கையில எடுத்துட்டுப் போய் கிளம்புற நேரம், இறங்குற நேரம் ரெண்டையும் காட்டி, அன்னைக்கு எந்த ஊசி எப்ப போடணும்னு ஒரு தாள்ல எழுதி வாங்கிக்கங்க. கூடவே ஒரு லெட்டர்: உங்களுக்கு சுகர் இருக்கு, இன்சுலின், ஊசி, லேன்செட் (விரல்ல குத்துற சின்ன ஊசி), சுகர் பாக்குற மீட்டர் எல்லாம் கூட வச்சிருக்கணும்னு லெட்டர்ஹெட்ல இங்கிலீஷ்ல. பேரு பாஸ்போர்ட்ல இருக்குற ஸ்பெல்லிங்லயே இருக்கட்டும். மருந்துக்கு பிராண்ட் பேரு மட்டும் போதாது, உள்ள இருக்குற மருந்து பேரும் (இன்சுலின் கிளார்ஜின், அஸ்பார்ட், இப்படி) எழுதச் சொல்லுங்க, ஏன்னா இங்க கிடைக்குற பிராண்ட் அங்க இருக்கும்னு உத்தரவாதம் கிடையாது.

டிராவல் இன்சூரன்ஸ் எடுக்கும்போது சுகர் இருக்குன்னு மறைக்காம எழுதுங்க, ஏற்கனவே இருக்குற நோய்க்கு கவர் உண்டான்னு கேட்டு எடுங்க. ரெண்டு நூறு ரூபா மிச்சம் பிடிக்கிறேன்னு மறைச்சா க்ளெய்ம் நேரத்துல கையை விரிச்சிருவாங்க.

ஸ்டெப் 2: எவ்வளவு எடுத்துக்கணும், எந்த ஊசி

தேவையானதுக்கு ரெண்டு மடங்கு. அதை ரெண்டு கைப்பையில பிரிச்சு, ஒண்ணு உங்ககிட்ட, ஒண்ணு கூட வர்றவங்ககிட்ட. லக்கேஜ்ல போடவே போடாதீங்க, பெட்டி தொலைஞ்சா போச்சு, அதுபோக கீழ சரக்கு வைக்கிற இடத்துல குளிர்ல இன்சுலின் உறைஞ்சிரலாம். ஒரு தடவை உறைஞ்ச இன்சுலின் திரும்ப உருகினாலும் வேலை செய்யாது, தூக்கித்தான் போடணும்.

இப்ப சொல்லப் போறது ரொம்ப முக்கியம், நம்ம ஊர்ல வயல் (இன்சுலின் வர்ற சின்ன பாட்டில்) வாங்கி சிரிஞ்ச்ல இழுத்துப் போடுறவங்க கண்டிப்பா படிங்க. இங்க வர்ற வயல் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட், அதுக்கு சிவப்பு மூடி சிரிஞ்ச். மலேசியா, சிங்கப்பூர், இங்கிலாந்து, அமெரிக்கா எல்லாம் ஒரு மில்லிக்கு 100 யூனிட், அதுக்கு ஆரஞ்சு மூடி. உங்க டோஸ் 20 யூனிட்னு வச்சுக்கங்க. சிவப்பு மூடி சிரிஞ்ச்ல 20 கோடு வரைக்கும் இழுத்தா உள்ள வர்றது அரை மில்லி. நம்ம வயல்ல இருந்து இழுத்தா அந்த அரை மில்லில 20 யூனிட்தான், சரி. ஊர்ல கொண்டு போன மருந்து தீந்துருச்சுன்னு அங்க மருந்துக்கடையில வயல் வாங்கி, அதே சிவப்பு மூடி சிரிஞ்ச்ல அதே 20 கோடு வரைக்கும் இழுத்தீங்கன்னா உள்ள வர்றது 50 யூனிட். ரெண்டரை மடங்கு. ஆளு மயங்கி விழுந்துரும். இதே தலைகீழா, நம்ம 40 வயல்ல ஆரஞ்சு சிரிஞ்ச்ல 20 இழுத்தா 8 யூனிட்தான் போகும், சுகர் எகிறும், ஏன்னே புரியாது. அதனால அங்க வயல் வாங்க வேண்டி வந்தா சிரிஞ்சும் அங்கயே வாங்குங்க, ரெண்டையும் கலக்காதீங்க. பென் (பேனா மாதிரி இருக்குற இன்சுலின் ஊசி) போடுறவங்களுக்கு இந்தத் தலைவலி இல்ல, இங்கயும் பென்ல பெரும்பாலும் 100தான்.

ஸ்டெப் 3: சூடு

திறக்காத இன்சுலின் 2ல இருந்து 8 டிகிரிக்குள்ள ஃப்ரிட்ஜ்ல. இப்ப போட்டுக்கிட்டு இருக்குறது வெளிய இருக்கலாம், பெரும்பாலானது 25 இல்ல 30 டிகிரிக்குக் கீழ சுமார் நாலு வாரம் தாங்கும், சில மிக்ஸ் பென் அதை விடக் குறைவு, அட்டையில போட்டிருக்கும் பாருங்க. நம்ம காரைக்குடி சித்திரை வெயிலுக்கு 30 டிகிரிங்கறது விடியக்காலம்தான்.

இன்சுலின் கெட்டுப் போறது ஃப்ளைட்ல இல்ல, பெரும்பாலும் திருச்சி ஏர்போர்ட் போற வழியிலதான். திருமயத்துல வண்டியை நிறுத்திட்டு கோயிலுக்குப் போவோம், கைப்பை சீட்டுல கிடக்கும், கண்ணாடி ஏத்தி பூட்டியிருக்கும், அரை மணி நேரத்துல உள்ள அடுப்பு. எங்க இறங்கினாலும் பை உங்க தோள்ல இருக்கணும். தண்ணியில நனைச்சு வைக்குற கூலிங் பவுச் கிடைக்குது, அது நல்லா வேலை செய்யுது. ஐஸ் பேக் வைக்கிறதுன்னா துணியில சுத்தி வைங்க, இன்சுலின் மேல நேரா படக்கூடாது.

ஹோட்டல்ல தங்குனா ரூம் ஃப்ரிட்ஜை நம்பி இருக்காதீங்க, சில இடத்துல கார்டை உருவிட்டு வெளிய போனதும் ஃப்ரிட்ஜும் சேந்து ஆஃப் ஆயிரும், சிலதுல பின்னாடி பலகையில ஒட்டி வச்சா உறைஞ்சிரும். போடுறதுக்கு முன்னாடி ஒரு தடவை வெளிச்சத்துல தூக்கிப் பாருங்க: தெளிவா இருக்க வேண்டியது கலங்கியிருந்தா வேணாம், மிக்ஸ் மெதுவா உருட்டினதும் ஒரே சீரா பால் மாதிரி ஆகணும், திட்டுத் திட்டா நின்னாலோ பாட்டில் ஓரத்துல வெள்ளையா ஒட்டியிருந்தாலோ வேணாம்.

ஸ்டெப் 4: செக்கிங், ஃப்ளைட்

100 மில்லி லிக்விட் ரூல் இன்சுலினுக்குக் கிடையாது, ஆனா ட்ரேயில தனியா எடுத்து வச்சு வாயைத் திறந்து சொல்லிருங்க. அட்டைப்பெட்டியோட, ஃபார்மசி பில்லோட இருந்தா கேள்வியே வராது. கையில சுகர் பாக்குற சென்சார் ஒட்டியிருக்கவங்க, இன்சுலின் பம்ப் போட்டவங்க ஸ்கேனருக்குள்ள போகலாமா வேணாமான்னு அந்தக் கம்பெனி புக்லெட்ல பாத்துக்கங்க, சந்தேகம்னா கையால தடவி செக் பண்ணச் சொல்லலாம்.

திருச்சியில இருந்து கோலாலம்பூருக்கு நாலு மணி நேரம்தான். பட்ஜெட் ஃப்ளைட்னா சாப்பாடு தானா வராது, புக் பண்ணியிருந்தாத்தான். இங்க ஒரே ஒரு விதி: தட்டு முன்னாடி வந்து மூடியைத் திறந்து சாப்பாட்டைக் கண்ணால பாத்தப்புறம் ஊசி. வரிசைல நம்ம சீட்டுக்கு வர்றதுக்குள்ள ஃப்ளைட் ஆட ஆரம்பிச்சு ட்ராலியைத் திருப்பிக் கொண்டு போயிருவாங்க, நீங்க ஊசி போட்டுட்டு வெறும் வயித்தோட உக்காந்திருப்பீங்க. பழைய டைப் 30/70 மிக்ஸ் போடுறவங்களுக்கு அரை மணி நேரம் முன்னாடி போடுங்கன்னு சொல்லியிருப்பாங்க, ஃப்ளைட்ல அது சரிப்படாது, அன்னைக்கு என்ன பண்றதுன்னு அந்த தாள்ல எழுதி வாங்குங்க. பெரிய ஏர்லைன்ல டயபெட்டிக் மீல் சொல்லி வைக்கலாம், என்னைக் கேட்டா அது தேவையில்ல, கார்போ (மாவுச்சத்து) கம்மியா இருக்கும்னு நினைச்சு டோஸைக் கணக்குப் போட முடியாம போறதுதான் மிச்சம், சாதா சாப்பாட்டுல பன்னையும் கேக்கையும் தள்ளி வச்சா முடிஞ்சுது.

போட்டு முடிச்சதும் பென் ஊசியைக் கழட்டிருங்க, காத்தழுத்தம் மாறுறதுல உள்ள குமிழி வரும்.

ஸ்டெப் 5: கடிகாரக் கணக்கு

மலேசியாவும் சிங்கப்பூரும் நமக்கு ரெண்டரை மணி நேரம் முன்னாடி. ராத்திரி 10 மணிக்கு நீண்ட நேர இன்சுலின் போடுறவங்களுக்கு அது அங்க நள்ளிரவு 12:30. ரெண்டு நாளைக்கு அப்படியே 12:30க்கும் போடலாம், இல்ல அங்க 10 மணிக்குப் போட்டா ரெண்டரை மணி நேரம் முந்திப் போகும், பழசும் புதுசும் கொஞ்ச நேரம் ஒண்ணு மேல ஒண்ணு நிக்கும். இந்தச் சின்ன வித்தியாசம் பெரும்பாலும் தொந்தரவு பண்ணாது, ஆனாலும் முதல் ராத்திரி ஒரு தடவை எந்திரிச்சு சுகர் பாத்துருங்க. மிக்ஸ் போடுறவங்க காலை சாப்பாடு, ராத்திரி சாப்பாடு கூடவே அந்த ஊரு நேரத்துக்கு மாறிக்கிறாங்க, கிளம்புற அன்னைக்கு மட்டும் ரெண்டு ஊசிக்கும் நடுவுல இடைவெளி சுருங்கும்ங்கறதை ஞாபகம் வைங்க.

மேற்க போறவங்களுக்குத்தான் பெரிய கணக்கு. லண்டன் நமக்கு கோடையில நாலரை மணி நேரம், குளிர் காலத்துல அஞ்சரை மணி நேரம் பின்னாடி, நியூயார்க் ஒன்பதரை இல்ல பத்தரை மணி நேரம். கிழக்க போனா நாள் சுருங்கும், இன்சுலின் தேவை குறையலாம். மேற்க போனா நாள் நீளும், கூடுதல் டோஸ் தேவைப்படலாம். அமெரிக்கா போறவங்க சொந்தக் கணக்கு போடவே கூடாது.

இறங்குற வரைக்கும் ஒரு வாட்ச் காரைக்குடி நேரத்துலயே இருக்கட்டும்.

ஸ்டெப் 6: மீட்டர் நம்பர்

உங்க மீட்டரையே கொண்டு போங்க, ஸ்ட்ரிப் தாராளமா. மலேசியா, சிங்கப்பூர், இங்கிலாந்துல மீட்டர் நம்பரே வேற மாதிரி வரும், அந்த நம்பரை 18ஆல பெருக்கினா நம்ம நம்பர். 3.9னா 70, 5.6னா 100, 10னா 180, 14னா 250 பக்கம். அத்தாச்சி வீட்டு மீட்டர்ல 15னு பாத்துட்டு "அய்யய்யோ சுகர் இறங்கிருச்சு"ன்னு சீனித் தண்ணி குடுத்துறக் கூடாது, அது 270.

ஸ்டெப் 7: சாப்பாடு

இதுலதான் நம்மாளுங்க ரெண்டு இடத்துல மாட்டுவாங்க, ஒண்ணு கடை, இன்னொண்ணு சொந்தக்காரங்க வீடு. ரெண்டாவதுதான் கஷ்டம்.

கடையில முதல்ல டீ. மலேசியால சும்மா "தே"ன்னு (அங்க டீக்கு அதான் பேரு) கேட்டா கண்டென்ஸ்டு மில்க் ஊத்தித்தான் வரும், ஒரு டேபிள்ஸ்பூன் கண்டென்ஸ்டு மில்க்லயே பத்து கிராமுக்கு மேல சர்க்கரை, கிளாஸ் அடியில அவங்க ஒரு ஸ்பூனோட நிறுத்துறதும் இல்ல. "குராங் மானிஸ்"னு சொன்னா இனிப்பைக் குறைப்பாங்க, ஆனா அதே பால்தான். "தே ஓ கோசோங்"னு கேளுங்க, பால், சீனி ரெண்டும் இல்லாம வரும். பால் இல்லாம இறங்காதுன்னா "தே சி கோசோங்", சீனி இல்லாத எவாபரேட்டட் பால் ஊத்துவாங்க. மாமாக் கடைன்னா (அங்க தமிழ் முஸ்லிம்கள் நடத்துற சாப்பாட்டுக் கடை) பாதி இடத்துல தமிழ்லயே சொல்லலாம், "அண்ணே, டின் பால் வேணாம், சீனி வேணாம்"னு சொன்னா ஒரு மாதிரியா பாப்பாங்க, ஆனா போட்டுக் குடுப்பாங்க. சிங்கப்பூர்ல பாட்டில், டின் ஜூஸ் மேல ஏ, பி, சி, டின்னு நியூட்ரி-கிரேடு போட்டிருக்கும், டி தான் சர்க்கரை அதிகம்.

நாசி லெமாக் தேங்காப்பால் சோறு, ஒரு கப் சாதத்துல எப்படியும் 45 கிராம் கார்போ, மேல கொழுப்பும் சேர்றதால சுகர் உடனே ஏறாம ரெண்டு மூணு மணி நேரம் கழிச்சு ஏறும். சாப்பிட்டு ஒரு மணி நேரத்துல பாத்து "நல்லாத்தான் இருக்கு"ன்னு இன்னொரு ரவுண்டு போகாதீங்க. ரொட்டி சானாய் நம்ம பரோட்டாவேதான், மைதா. செண்டோல், ஐஸ் கச்சாங் ரெண்டும் சர்க்கரைப் பாகுல மிதக்குறது, நாலு பேருக்கு ஒரு கிண்ணம் வாங்கி ஒரு ஸ்பூன் ருசி பாக்கலாம். நல்ல பக்கம் என்னன்னா சுட்ட மீன், சூப்புல போட்ட யோங் தாவ் ஃபூ (மீன் மசியல் வச்ச டோஃபு, காய்), முட்டை, கீரை எல்லாம் எல்லா ஊர்லயும் கிடைக்குது. முதல்ல காய், அப்புறம் மீனோ கோழியோ, கடைசியா சோறு, இந்த வரிசையில சாப்பிட்டாலே ஏத்தம் குறையுறதை மீட்டர்ல பாக்கலாம்.

இப்ப சொந்தக்காரங்க வீடு. நம்ம ஊரு ஆளு வந்திருக்காகன்னு காலையில வெள்ளைப் பணியாரம், இடியாப்பம், கும்மாயம், பத்து மணிக்குப் பலகாரத் தட்டு, மத்தியானம் கோழி, நண்டு, சாயங்காலம் கந்தரப்பம், அதுக்கு மேல கவுனி அரிசி. "கவுனி அரிசி சுகருக்கு நல்லது, ஒண்ணும் பண்ணாது"ன்னு சொல்லியே வைப்பாங்க. கறுப்பரிசிதான், ஆனா அரிசிதான், அதுல சீனியும் தேங்காயும் போட்டிருக்கு. கும்மாயத்துல உளுந்து இருக்குன்னாலும் கருப்பட்டி எவ்வளவுன்னு நமக்குத் தெரியும்.

இங்க மறுக்குறது வேலைக்காகாது, மறுத்தா இன்னும் ரெண்டு சேத்து வைப்பாங்க. எங்க ஆச்சி பண்றதுதான் சரி: போய் இறங்குன அன்னைக்கே வீட்டுக்காரம்மாவை அடுப்படியில போய்ப் பாத்து, "நான் ஊசி போடுறவ, எட்டு மணிக்குப் போட்டா எட்டு மணிக்கு எனக்குச் சோறு வேணும், லேட்டானா மயக்கம் வந்துரும், உங்களுக்குத்தான் சிரமம்"னு சொல்லிருவாங்க. எவ்வளவு சாப்பிடணும்ங்கறதைப் பேசாம எப்ப சாப்பிடணும்ங்கறதைப் பேசுறது. அதுக்கப்புறம் அந்த வீட்டுல சோறு நேரத்துக்கு வந்துரும், இனிப்பு வேணும்னா சாப்பாட்டோடவே ஒரு பணியாரம் எடுத்து சோத்துல அந்த அளவைக் குறைச்சுக்கலாம், சாயங்காலம் சும்மா உக்காந்து நாலு கொறிக்கிறதுதான் கணக்குலயே வராம போறது. நம்ம கறி, மீன் குழம்பு, மிளகுக் கோழி, சுக்கா எதுலயும் கார்போ பெருசா இல்ல, கூட வர்ற பரோட்டாலயும் இடியாப்பத்துலயும்தான் இருக்கு.

வழிக்கு முறுக்கு, தேன்குழல் வேணாம், வறுத்த கடலை, கொண்டைக்கடலை எடுத்துக்கங்க. இன்னொண்ணு, சுகருக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல, ஆனா சொல்லாம இருக்க முடியல: வீட்டுல அரைச்ச மசாலாப் பொடி கொண்டு போறவங்க அதுல கசகசா இல்லாம பாத்துக்கங்க, சிங்கப்பூர்லயும் துபாய்லயும் கசகசா தடை.

ஸ்டெப் 8: நடை, படி, தைப்பூசம்

ஊர்ல வீட்டுல இருந்து கடைத்தெரு வரைக்கும் நடக்குறவங்க அங்க போய் ஒரு நாள்ல பல மடங்கு நடப்பாங்க, எம்ஆர்டி (மெட்ரோ ரயில்), மால், கோயில்னு. நடந்தா சுகர் இறங்கும், நடந்து முடிச்ச அன்னைக்கு ராத்திரி கூட இறங்கும், அதனால சுத்துற நாள்ல படுக்குறதுக்கு முன்னாடி செக் பண்ணாம படுக்காதீங்க. அந்த நாள்ல ஊசியை வயித்துல போடுங்க, தொடையில போட்டுட்டு நடந்தா மருந்து வேகமா இழுக்கும்.

பத்துமலையில 272 படி. ஏறுறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாத்துக்கங்க, 100க்குக் கீழ இருந்தா ரெண்டு பிஸ்கட் சாப்பிட்டு ஏறுங்க. குளுக்கோஸை பிளாஸ்டிக் கவர்ல கையில பிடிச்சுட்டு ஏறாதீங்க, அங்க இருக்குற குரங்குக்கு பிளாஸ்டிக் கவர்னா சாப்பாடு, வெடுக்குன்னு பிடுங்கிட்டுப் போயிரும். சட்டைப் பையில, இடுப்புல, எங்கயாவது உள்ள வைங்க.

தைப்பூசத்துக்குப் போறவங்க ரெண்டு விஷயத்தை டாக்டர்கிட்ட கேக்காம போகக்கூடாது. ஒண்ணு விரதம், ஒருவேளைச் சாப்பாடுன்னு இருந்துக்கிட்டு மிக்ஸ் ஊசியை ரெண்டு வேளையும் அதே அளவு போடுறது ஆபத்து. இன்னொண்ணு கால். பினாங்குல வெள்ளி ரதம் கோயில் வீட்டுல இருந்து தண்ணீர்மலை நகரத்தார் கோயிலுக்குப் போற வழி முழுக்க சிதறு தேங்கா, ரோடெல்லாம் சிரட்டைத் துண்டு. சிங்கப்பூர்ல பெருமாள் கோயில்ல இருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் வரைக்கும் மூணு கிலோமீட்டருக்கு மேல தார் ரோடு. பழனி நடந்த பழக்கம் இருக்கு, எனக்கென்னன்னு நினைப்பீங்க, ஆனா சுகர்ல காலு மரத்துப் போனவங்களுக்கு சூடும் தெரியாது, குத்துறதும் தெரியாது. கால்ல உணர்வு இருக்கான்னு முன்னாடியே செக் பண்ணி, குறைஞ்சிருக்குன்னா வெறுங்கால் வேணாம், முருகன் கோவிச்சுக்க மாட்டாரு. மத்தவங்களும் ராத்திரி ரூமுக்கு வந்ததும் விரல் இடுக்கு, குதிகால், உள்ளங்கால் மூணையும் கண்ணாடி வச்சுப் பாருங்க.

ஸ்டெப் 9: சுகர் லோ ஆனா

70க்குக் கீழ போனா இல்ல நடுக்கம், வேர்வை, படபடப்பு, கண்ணு மங்குறது வந்தா, 15 கிராம் குளுக்கோஸ் (மூணு டீஸ்பூன் சீனி, இல்ல அரை கிளாஸ் சாதா கோலா), 15 நிமிஷம் கழிச்சு திரும்ப செக், ஏறலன்னா திரும்ப அதே. சாக்லேட் வேணாம், கொழுப்பு இருக்குறதால மெதுவாத்தான் ஏறும். ஏறினதும் அடுத்த சாப்பாடு தூரம்னா ரெண்டு பிஸ்கட். கூட்டத்துல, வெயில்ல எல்லாருக்கும்தான் வேர்க்கும், அதனால வேர்வையை நம்பாதீங்க, மீட்டரை நம்புங்க, மீட்டர் எடுக்க முடியலன்னா முதல்ல சீனியைப் போடுங்க. கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையும் சேத்து எடுக்குறவங்களுக்கு ஏறினது திரும்ப இறங்கலாம், சில மணி நேரம் கண்ணு வச்சிருங்க.

நினைவு தப்பினா வாயில எதையும் ஊத்தக்கூடாது, மூச்சுக்குழாய்ல போயிரும். ஆம்புலன்ஸ் மலேசியால 999, சிங்கப்பூர்ல 995. கூட வர்றவங்க போன்ல இது இருக்கணும், உங்க போன்ல இருந்து பிரயோஜனம் இல்ல.

ஸ்டெப் 10: வாந்தி, வயித்தால போனா

சாப்பிடலையேன்னு நீண்ட நேர இன்சுலினை நிறுத்தாதீங்க, உடம்பு சரியில்லாதப்ப சாப்பிடாட்டியும் சுகர் ஏறும். ரெண்டு மூணு மணிக்கு ஒரு தடவை பாருங்க, தண்ணி கொஞ்சம் கொஞ்சமா குடிச்சுக்கிட்டே இருங்க. மெட்ஃபார்மின், டபாகிளிஃப்ளோசின் மாதிரி மாத்திரை எடுக்குறவங்க அந்த ரெண்டு நாளைக்கு நிறுத்தணுமான்னு கிளம்புறதுக்கு முன்னாடியே கேட்டு எழுதி வச்சுக்கங்க. தண்ணி கூட நிக்கல, 250க்கு மேலயே நிக்குது, மூச்சு வாங்குதுன்னா ஆஸ்பத்திரிதான், விடியட்டும் பாப்போம்னு இருக்காதீங்க.

திரும்பி வரும்போது

போட்ட ஊசியெல்லாம் ஒரு கெட்டி பாட்டில்ல மூடி வச்சு, எங்க போடணும்னு ஃபார்மசில கேட்டு அங்கயே போட்டுட்டு வாங்க. வர்றப்போ நாள் ரெண்டரை மணி நேரம் நீளும், அதே தாள்ல திரும்பி வர்ற நாளுக்கும் எழுதியிருக்கணும். அங்க வாங்குன 100 யூனிட் வயல் மிச்சம் இருந்தா அதோட ஆரஞ்சு மூடி சிரிஞ்சையும் சேத்து ஒரே கவர்ல கட்டி, "100"னு மார்க்கர்ல பெருசா எழுதி ஃப்ரிட்ஜ் கதவுல வைங்க, வீட்டுல யாராவது அவசரத்துல சிவப்பு மூடியை எடுத்து இழுத்துறக் கூடாது. வந்த ஒரு வாரத்துக்கு சுகர் கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும், பயணத்துல பாத்த சுகர் நம்பரையெல்லாம் எழுதி வச்ச நோட்டை எடுத்துக்கிட்டு டாக்டரைப் பாருங்க, பயணத்துக்காக மாத்துன டோஸ் எதையும் அவர் சொல்லாம ஊர்லயும் தொடராதீங்க.